தருமபுரி, கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டே ஸ்மூத் ஜாஸ் சாக்ஸ் கலைஞராக வளர்வது எப்படி

நம் பக்கத்தில் சாக்ஸஃபோன் மேல் ஆசை வைத்திருக்கும் பிள்ளைகள் குறைவில்லை. மென்மையான மெலடியை முன்னால் வைத்து வாசிக்கும் ஜாஸ் பாணிதான் ஸ்மூத் ஜாஸ், அதன் பெரிய பெயரான கென்னி ஜி-யை யூடியூபில் கேட்டு மயங்கியவர்கள் ஒரு பக்கம், 1994-ல் வந்த டூயட் படத்தில் கத்ரி கோபால்நாத் வாசித்ததை அப்பா அம்மா திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்னொரு பக்கம். ஆசை நல்லதுதான், ஆனால் பேச ஆரம்பித்தால் பத்தில் எட்டுப் பேர் ஆல்பம் பற்றித்தான் கேட்கிறார்கள். எப்போது போடலாம், எங்கே போடலாம், எவ்வளவு செலவாகும் என்று. அது கடைசியில் வர வேண்டிய கேள்வி. முதல் கேள்வி, யாருடைய பாட்டுக்குப் பக்கத்தில் நின்று வாசிக்கப் போகிறீர்கள் என்பது.

இதை நான் சும்மா சொல்லவில்லை. இந்தப் பாணியில் பெயர் வாங்கியவர்களின் கதையை எடுத்துப் பாருங்கள். கென்னி ஜி 17 வயதில் பேரி வைட்டின் ஆர்கெஸ்ட்ராவில் வாசித்தவர், அப்புறம் ஜெஃப் லார்பரின் குழுவில் பக்கவாத்தியம், 1982-ல்தான் தன் பெயரில் முதல் ஆல்பம், ஊர் உலகம் திரும்பிப் பார்த்தது 1986-ல் வந்த டுவோடோன்ஸ் ஆல்பத்துக்குப் பிறகு. டேவிட் சான்பார்ன் சின்ன வயதில் போலியோ வந்தவர், மூச்சுக்கு நல்லது என்று மருத்துவர் சொல்லி சாக்ஸ் எடுத்தவர், ஸ்டீவி வொண்டருக்கும் டேவிட் போவிக்கும் வாசித்துப் பழுத்தவர். விட்னி ஹூஸ்டனின் 1992 பாட்டான ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ-வில் நடுவில் வரும் அந்த சாக்ஸ் சோலோவை உலகமே கேட்டிருக்கிறது. வாசித்தவர் கிர்க் வேலம், அவர் விட்னியின் மேடைக்குழுவில் பல வருஷம் நின்றவர். குரோவர் வாஷிங்டன் ஜூனியருக்கு 1971-ல் முதல் ஆல்பம் அமைந்ததே, அதற்கு வர வேண்டிய ஹேங்க் க்ராஃபோர்டு அன்றைக்கு வர முடியாமல் போனதால்தான். கூப்பிட்ட நேரத்தில் கையில் வாத்தியத்தோடு தயாராக இருந்தார், அவ்வளவுதான்.

ஆக, நம் ஊரில் அந்தப் பக்கவாத்திய இடம் எது? கல்யாண ரிசப்ஷன், ஆர்கெஸ்ட்ரா, ஓசூர் கம்பெனி விழாக்கள், சர்ச், பெங்களூர் ஓட்டல் லவுஞ்ச். இதையெல்லாம் "தற்காலிகமா பண்றது" என்று நினைத்தால் தொழில் வளராது. அமெரிக்காவில் இந்த இசையை வளர்த்தது ரேடியோ. லாஸ் ஏஞ்சலிஸில் 1987-ல் தி வேவ் நிலையம் தொடங்கியதில் இருந்து ஒரு இருபது வருஷம் நன்றாகவே ஓடியது, 2008-ல் நியூயார்க்கிலும் 2009-ல் சிகாகோவிலும் இருந்த பெரிய ஸ்மூத் ஜாஸ் நிலையங்கள் வேறு வடிவத்துக்கு மாறிவிட்டன. அங்கேயே அந்தக் கதவு மூடிவிட்டது. நமக்கு அந்த ரேடியோவின் வேலையைச் செய்வது மண்டபம்தான், ஒரு ரிசப்ஷனில் ஐந்நூறு பேர் கேட்கிறார்கள் என்றால் அதில் பத்துப் பேருக்காவது அடுத்த வருஷம் வீட்டில் விசேஷம் இருக்கும்.

எந்த சாக்ஸ் வாங்குவது

கென்னி ஜி கையில் இருப்பது சோப்ரானோ, நேராக நாதஸ்வரம் போல இருப்பது. அதைப் பார்த்துவிட்டு அதையே முதலில் வாங்காதீர்கள். சோப்ரானோவில் சுருதி நிற்க வைப்பது ரொம்பக் கஷ்டம், உதடு கொஞ்சம் இறுகினாலும் சுருதி ஏறிவிடும். அதைவிடப் பெரிய, வாய் வளைந்து மேல்நோக்கி இருக்கும் ஆல்டோவில் ஆரம்பியுங்கள். கத்ரி கோபால்நாத் ஆல்டோ, சான்பார்ன் ஆல்டோ, கை சின்னதாக இருக்கும் பிள்ளைகளுக்கும் அதுவே சௌகரியம்.

யமஹா ஒய்ஏஎஸ்-280 மாதிரி மாணவர் மாடல் புதிதாக வாங்கினால் ஒரு லட்சத்தைத் தாண்டும். மீரட்டில் செய்யும் வாத்தியங்களும் சீன வாத்தியங்களும் அதில் கால் பங்கு விலைக்குக் கிடைக்கும், பேண்டு செட்டில் ஓடுபவை பெரும்பாலும் இவைதான். என் கருத்து, புதிய மலிவு வாத்தியத்தைவிடப் பழைய நல்ல வாத்தியம் மேல். பெங்களூரிலும் சென்னையிலும் செகண்ட் ஹேண்டு யமஹா அவ்வப்போது கிடைக்கும். பார்க்கப் போகும்போது வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், மிகக் கீழே இருக்கும் பி ஃப்ளாட்டை மெதுவாக ஊதச் சொல்லுங்கள். அந்த ஸ்வரம் முனகாமல், மேல் ஸ்தாயிக்குத் தாவாமல், மெதுவாகவே வந்தால் ஓட்டைகளை மூடும் பேடுகள் ஓரளவு நன்றாக மூடுகின்றன என்று அர்த்தம். தாவினால் எங்கோ காற்று ஒழுகுகிறது, பேடு மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள். மேல் பூச்சு உரிந்திருப்பதைப் பற்றிக் கவலையே வேண்டாம், அதற்கும் நாதத்துக்கும் சம்பந்தம் இல்லை. கழுத்துக் குழாய் அதன் இயல்பான வளைவைத் தாண்டிக் கீழ்நோக்கி அழுந்தியிருந்தால் மட்டும் அந்த வாத்தியத்தை விட்டுவிடுங்கள்.

ரீடு, அதாவது ஊதும் முனையில் கட்டும் மெல்லிய நாணல் பட்டை விஷயத்தில் நம் ஊர் வெயிலைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஏப்ரல், மே மாதத்தில் தருமபுரியில் இருக்கும் வறண்ட சூட்டுக்கு ரீடு நுனி அலை அலையாக வளைந்துவிடும், ஓசூரில் டிசம்பர் குளிரில் அதே ரீடு வேறு மாதிரி பேசும். ஆரம்பத்தில் 2 அல்லது இரண்டரை எண் போதும், எண் ஏற ஏற ரீடு கடினமாகும். ஒரே ரீடைச் சாகும்வரை ஊதாமல் நான்கை மாற்றி மாற்றி ஊதுங்கள், ஊதும் முன் ரெண்டு நிமிஷம் தண்ணீரில் போட்டு எடுங்கள், முடிந்ததும் தட்டையான ரீடு பெட்டியில் வையுங்கள். மேடைக்குப் பிளாஸ்டிக் வகை ரீடு ஒன்று, லெஜேர் மாதிரி, எப்போதும் பையில் இருக்கட்டும். நாதம் கொஞ்சம் குறைந்தாலும் அது கைவிடாது.

அப்புறம் ஒன்று, இதைக் கட்டாயம் மனசில் வையுங்கள். மண்டபத்துக்கு வெளியே வெயிலில் நிற்கும் காரில் சாக்ஸை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். பேடுகளை ஒட்டியிருப்பது சூட்டில் இளகும் பசை, ஒரு மதியம் போதும், பேடு நகர்ந்துவிடும். சரி பண்ண கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ ஆள் தேடி அலைய முடியாது, பெங்களூருக்கோ சென்னைக்கோதான் போக வேண்டும். அதனால் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர், கார்க் கிரீஸ், ரப்பர் பேண்டு, உள்ளே துடைக்கும் துணி, இவை எப்போதும் பெட்டியிலேயே இருக்க வேண்டும். வாசித்து முடித்தவுடன் துடைத்து வைக்கிற பழக்கம் இருந்தாலே பேடுகள் பல வருஷம் தாங்கும்.

யாரிடம் கற்பது

கிருஷ்ணகிரியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது, அங்கே சாக்ஸ் சொல்லித் தருவதில்லை. ஆனாலும் குரலிசைக்குச் சேர்ந்து சில காலம் பாடக் கற்றுக்கொள்வது சாக்ஸ்காரருக்கு ரொம்ப உதவும். வாயால் பாட வராத வரியை சாக்ஸில் பாட வைக்க முடியாது, ஸ்மூத் ஜாஸ் முழுக்க அந்த ஒன்றில்தான் நிற்கிறது.

வாத்தியத்துக்கு, முதலில் உங்கள் ஊர் பேண்டு செட் அண்ணன்களைப் போய்ப் பாருங்கள். அவர்களைக் குறைவாக நினைக்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். நாலு மணி நேரம் நடந்துகொண்டே ஊதுகிறார்கள், நோட்டுப் புத்தகம் இல்லாமல் நூற்றுக்கணக்கான பாட்டு மனப்பாடம், கூட்டத்தைப் பார்த்துச் சட்டென்று அடுத்த பாட்டுக்குத் தாவுகிறார்கள். மூச்சும் ஞாபகமும் அங்கே கிடைக்கும். அங்கே கிடைக்காதது மைக் முன்னால் வாசிக்கும் மென்மையான நாதம், ஏனென்றால் அவர்களுடைய வேலை திறந்த வெளியில் தெருமுனை வரை கேட்க வைப்பது. அதற்கு பெங்களூரில் ஒரு ஜாஸ் ஆசிரியரை மாதம் ரெண்டு முறையாவது நேரில் பாருங்கள், கிருஷ்ணகிரியில் இருந்து 90 கிலோமீட்டர்தான், மீதி வகுப்புகள் ஆன்லைனில் ஓடட்டும். உதடு வைக்கிற முறையை மட்டும் ஆன்லைனில் கற்க வேண்டாம், கன்னம் எப்படி இருக்கிறது, மேல் பல் எங்கே பதிகிறது என்பதை ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

டிரினிட்டி கிரேடு தேர்வுகளில் சாக்ஸஃபோனுக்குத் தனிப் பாடத்திட்டம் இருக்கிறது, ஜாஸுக்கும் இருக்கிறது. மேடைக்கு அந்தச் சான்றிதழை யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் ஓசூர் பக்கம் தனியார் பள்ளியில் இசை ஆசிரியர் வேலை கேட்கும்போது அது பேசும், ஆடி மாதமும் மார்கழியும் விசேஷம் இல்லாமல் காலியாகக் கிடக்கும்போது மாதச் சம்பளம் ஒன்று இருந்தால் மனசு எவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று வாங்கினவர்களுக்குத் தெரியும்.

தினமும் என்ன வாசிப்பது

சாக்ஸுக்குச் சத்தம் குறைக்கும் வசதி கிடையாது. தெரு வீட்டில் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வாரம் பொறுப்பார், அப்புறம் வருவார். நம் மாவட்டங்களில் இருக்கிற பெரிய வசதி மாந்தோப்பு. மோட்டார் கொட்டகைச் சுவரைப் பார்த்து நின்று ஊதினால் உங்கள் நாதம் உங்களுக்கே திரும்பிக் கேட்கும். வெறும் வெளியில் ஊதினால் சத்தம் போய்விடும், நீங்களும் தெரியாமல் இன்னும் பலமாக ஊத ஆரம்பித்துவிடுவீர்கள்.

முதல் இருபது நிமிஷம் நீண்ட ஸ்வரம் மட்டும். மெதுவாகத் தொடங்கி, பெரிதாக்கி, மறுபடி மெதுவாக்கி முடிப்பது, போனில் டியூனர் முள் அசையாமல். மவுத்பீஸை, அதாவது ஊதும் முனையை மட்டும் கழற்றி ஊதினால் ஆல்டோவுக்கு டியூனரில் ஏ என்ற ஸ்வரம் வர வேண்டும். அதைவிட மேலே போனால் உதட்டை இறுக்கிக் கடிக்கிறீர்கள் என்று அர்த்தம். இந்த ஒரு சோதனையை தினமும் செய்தாலே பாதிப் பேருடைய கீச்சுக்குரல் சரியாகிவிடும்.

அடுத்தது ஸ்கேல். இங்கே நமக்கு வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இல்லாத ஒரு அனுகூலம் இருக்கிறது. ஸ்மூத் ஜாஸில் அதிகம் புழங்கும் மைனர் பென்டடானிக் என்ற ஐந்து ஸ்வர ஸ்கேல் நம் காதுக்குச் சுத்த தன்யாசி. அதில் மத்யமத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவே பிரதி மத்யமத்தை ஒரு உரசலாகச் சேர்த்தால் ப்ளூஸ் ஸ்கேல். மேஜர் பென்டடானிக் என்பது மோகனம், டோரியன் என்பது கரஹரப்ரியா, மிக்ஸோலிடியன் என்பது ஹரிகாம்போஜி. ஸ்கேலைப் புதிதாக மனப்பாடம் பண்ண வேண்டியதில்லை, ஏற்கெனவே சினிமாப் பாட்டில் கேட்டவைதான்.

ஆனால் இதிலேயே ஒரு பள்ளமும் இருக்கிறது. நம் காது ஒரே ஸட்ஜத்தில் நின்று பழகியது, ஜாஸில் கீழே கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம், மாறிக்கொண்டே இருக்கும். ராகம் தெரிந்தவர்கள் பலர் கார்டு மாறியதைக் கவனிக்காமல் அதே ஸ்வரத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள், கேட்க இனிமையாக இருக்கிற மாதிரி இருக்கும், ஆனால் எங்கேயோ இடிக்கும். இதற்கு மருந்து, கார்டுகளின் மூன்றாவது, ஏழாவது ஸ்வரங்களை மட்டும் தொட்டுக்கொண்டு ஒரு பாட்டு முழுக்க நடப்பது. குரோவர் வாஷிங்டன் 1980-ல் பில் விதர்ஸைப் பாட வைத்துப் பதிவு செய்த ஜஸ்ட் தி டூ ஆஃப் அஸ் பாட்டின் கார்டு வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்டோவுக்கு மாற்றி எழுதினால் பி ஃப்ளாட் மேஜர் 7, ஏ 7, டி மைனர் 7, சி மைனர் 7, எஃப் 7. கீபோர்டு வாசிக்கும் நண்பர் ஒருவரைப் பிடித்து இந்த ஐந்தைச் சுற்றிச் சுற்றி அரைமணி நேரம் வாசிக்கச் சொல்லுங்கள், நீங்கள் மேலே மெதுவாக நடங்கள். ஒரு மாதம் இதைச் செய்தவர்களின் வாசிப்பு தனியாகத் தெரியும்.

கமகம் பற்றியும் சொல்ல வேண்டும். கத்ரி கோபால்நாத் கர்நாடக கமகம் வருவதற்காக வாத்தியத்தின் சாவி அமைப்பிலேயே மாற்றம் செய்துகொண்டவர், சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் கற்றவர், 1994-ல் லண்டன் பிபிசி பிராம்ஸ் வரை போனவர். அது தனி வழி, பெரிய வழி. ஸ்மூத் ஜாஸில் ஸ்வரத்தைக் கீழிருந்து வழுக்கிக்கொண்டு வந்து சேர்ப்பார்கள், சேர்ந்ததும் ஆடாமல் நிறுத்துவார்கள், முடிகிற இடத்தில்தான் மெல்லத் தாடையை அசைத்து வைப்ராட்டோ சேர்ப்பார்கள். எல்லா ஸ்வரத்தையும் ஆட்டினால் ரெண்டும் கெட்டானாகிவிடும். கீழ் ஸ்தாயியில் காற்றுக் கலந்த மெல்லிய நாதம் ஒன்று உண்டு, சப்டோன் என்பார்கள், ராத்திரி பத்து மணிக்கு மேல் ஓட்டல் லவுஞ்சில் உங்களுக்குச் சோறு போடப் போவது அதுதான், அதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள்.

பாடகர்களோடு வேலை செய்யக் கட்டைக் கணக்கு, அதாவது அவர்கள் பாடும் சுருதியின் கணக்கு, விரலில் இருக்க வேண்டும். ஆல்டோ ஈ ஃப்ளாட் வாத்தியம், அதில் சி வாசித்தால் கேட்பது ஈ ஃப்ளாட், அதனால் பாடகர் ஒரு கட்டை என்றால் உங்களுக்கு ஏ, ஒன்றரைக் கட்டை என்றால் பி ஃப்ளாட், பாடகி ஐந்தரை என்றால் எஃப். மேடையில் "ஒரு நிமிஷம் இருங்க" என்று போனை எடுத்துப் பார்க்கிறவரை அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள்.

ரிசப்ஷனில் வாசிப்பது

மைனஸ் ட்ராக், அதாவது பாடகர் குரல் இல்லாத பின்னணி இசையைப் போட்டு ஒற்றை ஆளாக வாசிப்பதுதான் இப்போது அதிகம் நடப்பது. ஒரு நாற்பது பாட்டு கைவசம் இருக்க வேண்டும், பாதி எண்பது, தொண்ணூறுகளின் மெலடி, கொஞ்சம் புதுசு, கொஞ்சம் ஆங்கிலம். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் போனால் தெலுங்கும் கன்னடமும் இல்லாமல் முடியாது, பெண் வீடு ஒரு மொழி, மாப்பிள்ளை வீடு ஒரு மொழி என்று இருக்கிற கல்யாணங்கள் அங்கே சாதாரணம். முன்னாடியே போன் போட்டு, "அண்ணே, வீட்ல பெரியவங்களுக்கு எந்தப் பாட்டு பிடிக்கும்?" என்று கேளுங்கள். அந்த ஒரு பாட்டுக்காக அவர்கள் உங்களைப் பத்து வருஷம் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

வரிசையில் நின்று மொய் கொடுக்கும் நேரத்தில் சத்தம் பேச்சுக்குக் கீழே இருக்க வேண்டும். ஸ்மூத் ஜாஸின் இடமே அதுதான், அந்த ரெண்டு மணி நேரத்தில் யாரும் கை தட்ட மாட்டார்கள், ஆனால் மண்டபத்தின் மனநிலையை நீங்கள்தான் பிடித்து வைத்திருக்கிறீர்கள். சவுண்டுக்காரரிடம் சீக்கிரம் போய்ப் பேசுங்கள், அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எக்கோவை அள்ளிப் போடுவார்கள், குறைக்கச் சொல்லுங்கள். சொந்தமாக ஒரு கிளிப் மைக் வயர்லெஸ் செட் வாங்கிவிட்டால் மண்டபத்துக்கு மண்டபம் நாதம் மாறும் தொல்லை பாதி போய்விடும். திறந்த புல்வெளி ரிசப்ஷன் என்றால் குளிரில் சாக்ஸ் சுருதி இறங்கும், வெயிலில் ஏறும், ட்ராக் மட்டும் ஏ 440 என்ற நிலையான சுருதியிலேயே நிற்கும். வாசிக்கும் முன் நாலைந்து நிமிஷம் உள்ளே சூடான காற்று ஊதி, மவுத்பீஸைத் தள்ளி இழுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முகூர்த்தத்தில் சாக்ஸ் வாசிக்கச் சொல்லிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். மங்களூர்ப் பக்கம் கோயிலிலும் கல்யாணத்திலும் சாக்ஸே மங்கல வாத்தியம், பெங்களூர் கல்யாணங்களிலும் பார்க்கலாம். நம் பக்கம் நாதஸ்வரம், தவில் வைத்திருந்தால் அந்த நேரம் அவர்களுடையது. வித்வானிடம் போய் வணக்கம் சொல்லி, எங்கே நிறுத்துகிறார், எங்கே நீங்கள் தொடங்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இது மரியாதைக்கு மட்டும் இல்லை, எனக்கு நல்ல வாய்ப்புகள் பல வந்தது நாதஸ்வரக்காரர்கள் சொல்லித்தான்.

பெண்கள் இந்தத் தொழிலுக்கு வரலாமா என்று வீட்டில் கேட்பார்கள். நெதர்லாந்தின் கேண்டி டல்ஃபர் இந்தப் பாணியின் பெரிய பெயர்களில் ஒருவர், இங்கே எம்.எஸ். லாவண்யா, சுப்புலட்சுமி இருவரும் சாக்ஸஃபோன் சகோதரிகள் என்று மேடை ஏறியவர்கள். வரலாம். வீட்டில் இருந்து ஒருவர் கூட வருவதற்கான பயணச் செலவை ரேட்டில் சேர்த்தே கேளுங்கள், தயங்க வேண்டாம்.

போக்குவரத்துக்கு நம் ஊர் போல அமைவது அரிது. தருமபுரியில் இருந்து சேலம் ஒன்றேகால் மணி நேரம், ஓசூரில் இருந்து பெங்களூர் 40 கிலோமீட்டர், சென்னை நெடுஞ்சாலை கிருஷ்ணகிரியில் வந்து சேர்கிறது. ஒரே வாரத்தில் மூன்று ஊர் மார்க்கெட்டிலும் வாசிக்க முடியும், சென்னையில் வாடகை கொடுத்துக்கொண்டு இருப்பவரால் இது முடியாது. நேரமாகிவிட்டது என்று தொப்பூர் கணவாய் இறக்கத்தில் மட்டும் வண்டியை விரட்டாதீர்கள், சேலம் நிகழ்ச்சி என்றால் ஒரு மணி நேரம் முன்னாடியே கிளம்பிவிடுங்கள்.

பணம்

கென்னி ஜி பல்கலைக்கழகத்தில் படித்தது கணக்கியல். சாக்ஸ்காரருக்கு அது எவ்வளவு தேவை என்பது ரெண்டு சீசன் போனால் தெரியும்.

ரேட்டை வாயால் பேசி விடாமல் வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: தேதி, மண்டபம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, சவுண்டு யாருடையது, சாப்பாடு, பயணம், பாதி அட்வான்ஸ், ரத்தானால் அட்வான்ஸ் திரும்பாது. ஒற்றை ஆளுக்கு ஒரு ரேட், கீபோர்டும் கஜோன் என்ற பெட்டித் தாள வாத்தியமும் சேர்த்த மூவர் குழுவுக்கு ஒரு ரேட், இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெங்களூரில் ஒரு ஓட்டல் எனக்கு மூன்று மாதப் பணத்தை இழுத்தடித்தது, கையில் எழுத்து இருந்ததால்தான் வாங்க முடிந்தது. இடையில் நிற்கும் ஈவென்ட்காரர் எவ்வளவு வைத்துக்கொள்கிறார் என்று கேட்டுக்கொண்டிருக்காதீர்கள், உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக இருங்கள்.

ஓசூர் கம்பெனிகளின் குடும்ப தினம், ஆண்டு விழா போன்றவற்றுக்கு பில் கேட்பார்கள், பான் எண் கேட்பார்கள், பெரும்பாலும் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டிய வரி, பிடித்துக்கொண்டு மீதியை வங்கியில் போடுவார்கள். அந்த 10 சதவீதம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம், வருமான வரி கணக்கு தாக்கல் செய்தால் உங்கள் வரி அதைவிடக் குறைவாக இருக்கும்போது மீதி திரும்பி வரும். தாக்கல் செய்த கணக்கு இருந்தால் நல்ல சாக்ஸ் வாங்க வங்கிக் கடன் கேட்கும்போதும் உதவும்.

வாய்ப்பு கேட்க வேண்டிய இடங்களில் அரசு விழாக்களையும் விட்டுவிடாதீர்கள். கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி, ஒகேனக்கல் ஆடிப்பெருக்கு விழா இரண்டிலும் மேடை நிகழ்ச்சிகள் நடக்கும். மாவட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே மனு கொடுங்கள், மூன்று நிமிஷ வீடியோ ஒன்றோடு.

பெங்களூரும் சொந்த இசையும்

ஜாஸ் கேட்கவே வருகிற கூட்டத்தின் முன்னால் வாசிக்க பெங்களூர் போய்த்தான் ஆக வேண்டும். வைட்ஃபீல்டில் இருக்கும் விண்ட்மில்ஸ் மாதிரி இடங்களில் முதலில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து கேளுங்கள். முடிந்ததும் டிரம்ஸ், பேஸ் வாசிப்பவர்களிடம் பேசுங்கள். சாக்ஸ்காரருக்கு வேலை கொடுப்பது இன்னொரு சாக்ஸ்காரர் இல்லை, இவர்கள்தான். ஜாம், அதாவது கலைஞர்கள் ஒத்திகை இல்லாமல் சேர்ந்து வாசிப்பது, நடக்கிறது என்று தெரிந்தால் ஒரே ஒரு பாட்டைச் சுத்தமாகத் தயார் செய்துகொண்டு போங்கள், ரெண்டு சுற்று வாசித்துவிட்டு இறங்கிவிடுங்கள். நீட்டுகிறவரை யாருக்கும் பிடிக்காது.

வீட்டில் இருந்தபடியே பதிவு செய்து அனுப்பும் வேலையும் இப்போது நிறைய இருக்கிறது, குறும்படம், விளம்பரம், தனிப்பாடல் என்று. ஒரு சாதாரண ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு கண்டென்ஸர் மைக், துணி நிறைந்த ஒரு அறை போதும். மைக்கை சாக்ஸின் வாய்க்குள் நீட்டாமல் ஒன்றரை அடி தள்ளி, வாத்தியத்தின் நடுப்பகுதியைப் பார்த்து வையுங்கள், சாக்ஸ் நாதம் எல்லா ஓட்டைகளில் இருந்தும்தான் வருகிறது. எக்கோ எதுவும் சேர்க்காமல் 24 பிட் வேவ் கோப்பாக அனுப்புங்கள், ரெண்டு திருத்தம் வரை இலவசம், அதற்கு மேல் காசு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

யூடியூபில் சினிமாப் பாட்டைக் கவராகப் போட்டால் ஆள் சேரும், வருமானம் பெரும்பாலும் பாட்டின் உரிமை வைத்திருக்கும் கம்பெனிக்குப் போகும். அதை விளம்பரச் செலவாக நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குச் சொந்தமாக நிற்கப் போவது நீங்களே உருவாக்கிய மெட்டு. நாலைந்து வருஷம் மற்றவர் பாட்டுக்குப் பக்கத்தில் நின்ற பிறகு உங்கள் கையில் சில வரிகள் தானாகவே சேர்ந்திருக்கும், அதை எடுங்கள். பம்பை, உடுக்கைச் சத்தத்தில் வளர்ந்த ஊர் இது. அந்தத் தாளத்தை மெதுவாக்கி பேஸ் கிட்டாருக்குக் கீழே வைத்துப் பார்த்தால் அமெரிக்க ட்ராக்கில் கிடைக்காத ஒரு நடை வரும். பம்பைக் கலைஞரை நேரில் அழைத்துச் சம்பளம் கொடுத்து, பெயர் போட்டுப் பதிவு செய்யுங்கள். சாம்பிள் ஒலியில் அது வராது.

ஆல்பமாக எட்டுப் பாட்டைச் சேர்த்து வைக்காதீர்கள், ஒவ்வொன்றாக விடுங்கள். டிஸ்ட்ரோகிட் மாதிரி ஒரு சேவை வழியாக ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் எல்லாவற்றிலும் போகும், ஒவ்வொரு பதிவுக்கும் அடையாளமான ஐஎஸ்ஆர்சி எண் அவர்களே கொடுப்பார்கள். மெட்டு உங்களுடையது என்றால் இசை உரிமைத் தொகை வசூலிக்கும் சங்கமான ஐபிஆர்எஸ்-ல் உறுப்பினராகி அந்தப் பாட்டைப் பதிவு செய்துவிடுங்கள். விடும் நேரம் ஆடி மாதமாக இருந்தால் நல்லது, வேலை குறைவு, ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னால் உங்கள் பெயர் போனில் போனில் சுற்றும். ரிசப்ஷனில் அதை வாசிக்க நல்ல இடம் ஒன்பது மணிக்கு மேல், பந்திக் கூட்டம் குறைந்து நெருங்கிய சொந்தங்கள் மட்டும் மேடைப் பக்கம் நாற்காலி இழுத்துப் போட்டு உட்காரும் நேரம். யாருக்கும் அறிவிக்காமல், தெரிந்த ரெண்டு மெலடிக்கு நடுவில் வாசியுங்கள். "இது எந்தப் படத்துப் பாட்டு தம்பி?" என்று ஒருவர் வந்து கேட்டால் இணைப்பை அங்கேயே அவர் போனுக்கு அனுப்பிவிடுங்கள்.